வெற்றி விழாவை நிறுத்திய சேனாதிபதி



பின்லாந்து நாட்டின் தலைநகரான ஹெல்சிங்கியில், பிரதான வீதியின் ஓரத்தில், குதிரைமீது அமர்ந்த ஒரு சேனாதிபதியின் வெண்கலச் சிலை நிற்கின்றது. ஐமோ துக்கியாய்னென் என்ற சிற்பி வடித்த அச்சிலை 1960ஆம் ஆண்டு திறந்துவைக்கப்பட்டது. வீதிக்கும் அந்தச் சேனாதிபதியின் பெயர்தான். அங்கிருந்து வடக்கு நோக்கிப் புகையிரதத்தில் சென்றால் தம்பெரே என்ற தொழில் நகரம் வரும். அங்கேயும் அதே மனிதருக்கு ஒரு சிலை உண்டு. ஆனால் அதை நகரின் நடுவில் தேடினால் காணமாட்டீர்கள். நகரத்தின் ஓரமாக, லெய்னோலா என்னும் பகுதியில், மரங்கள் அடர்ந்த ஒரு பாறைமேட்டில் அது தனியே நிற்கின்றது. 1939இலேயே செய்து முடிக்கப்பட்ட சிலை அது. நகர மத்தியில் நிறுத்தத்தான் எண்ணியிருந்தார்கள், எதிர்ப்பு எழுந்தது. ஈற்றில் 1956இல் ஊருக்கு வெளியே கொண்டுபோய் வைத்தார்கள். அப்படியும் அதற்கு நிம்மதி கிடைக்கவில்லை. இரவோடிரவாக யாரோ வந்து சிவப்பு வர்ணத்தை ஊற்றிவிட்டுப் போவது பலமுறை நடந்திருக்கின்றது. பீடத்திலே 'லஹ்தாரி' என்றும் எழுதியிருக்கிறார்கள். பின்னிஷ் மொழியில் லஹ்தாரி என்றால் கசாப்புக்காரன்.

அந்தச் சேனாதிபதியின் பெயர் கார்ல் குஸ்தாவ் எமில் மன்னர்ஹெய்ம். 2004ஆம் ஆண்டில் பின்லாந்து ஒலிபரப்பு நிறுவனம் ஒரு வாக்கெடுப்பு நடத்தி, உங்கள் நாட்டில் பிறந்தவர்களிலே தலைசிறந்தவர் யார் என்று மக்களைக் கேட்டது. முதலாவதாக வந்த பெயர் இவருடையதுதான். ஒரே மனிதர் ஒருசாராருக்குத் தேசத்தின் தந்தை, இன்னொரு சாராருக்குக் கசாப்புக்காரன். இது எப்படி நேர்ந்தது என்பதைத்தான் இன்றைய உரையில் உங்களோடு பேச விரும்புகிறேன்.

1867 ஜூன் 4ஆம் திகதி, அஸ்காய்னென் என்ற ஊரிலுள்ள லோஹிசாரி மாளிகையில் ஒரு பிரபு குடும்பத்தில் அவர் பிறந்தார். அக்காலத்தில் பின்லாந்து ரஷ்யச் சக்கரவர்த்திக்கு உட்பட்ட ஒரு நாடு. அதற்கு முன்பு நூற்றாண்டுக் கணக்கில் சுவீடனுக்கு உட்பட்டிருந்தது. ஆகவே பிரபுக்களின் வீட்டு மொழி சுவீடிஷ். வயலிலும் ஆலையிலும் உழைத்தவர்களின் மொழி பின்னிஷ். மன்னர்ஹெய்முக்கு சுவீடிஷ், ரஷ்ய, பிரெஞ்சு மொழிகள் சரளம். ஜேர்மனும் ஆங்கிலமும் தெரியும். தன் நாட்டுப் பெரும்பான்மை மக்களின் மொழியை மட்டும் ஐம்பது வயதுக்குப் பிறகுதான் ஆசிரியர் வைத்து ஒழுங்காகப் படித்தார். கடைசிவரை அது அவர் நாவில் அந்நியமாகவே ஒலித்தது என்பார்கள். மொழி கற்பிப்பவன் என்ற முறையில் இந்தச் செய்தி என்னை வெகுநேரம் யோசிக்க வைத்ததுண்டு.

தந்தையார் சொத்தையெல்லாம் தொலைத்துவிட்டு 1880இல் குடும்பத்தைக் கைவிட்டுப் பாரிசுக்குப் போய்விட்டார். அடுத்த ஆண்டே தாயார் காலமானார். உறவினர் தயவில் வளர்ந்த பையன் ஹமினா இராணுவப் பாடசாலையில் சேர்க்கப்பட்டான். அனுமதியின்றி வெளியே சென்றதற்காக 1886இல் அங்கிருந்து வெளியேற்றப்பட்டான். பிறகு தலைநகர் சென். பீற்றர்ஸ்பேர்க் சென்று குதிரைப்படைக் கல்லூரியில் பயின்று, 1891இல் மகாராணியின் மெய்க்காவல் குதிரைப்படையில் இடம்பிடித்தார். 1896இல் இரண்டாம் நிக்கலஸ் முடிசூடியபோது, சக்கரவர்த்திக்கு முன்னே வாளேந்தி நடந்த நெடிய உருவம் இவருடையது. சக்கரவர்த்தியின் படத்தைச் சாகும்வரை தமது மேசையில் வைத்திருந்தார்.

ஆனால் அதே சக்கரவர்த்தியின் ஆட்சி பின்லாந்தின் உரிமைகளை ஒவ்வொன்றாகப் பறித்துக்கொண்டிருந்தது. அதை எதிர்த்தவர்களுள் மன்னர்ஹெய்மின் சொந்தத் தமையனும் ஒருவர். 1903இல் அவர் நாடு கடத்தப்பட்டார். மறுவருடம், ரஷ்ய-யப்பானிய யுத்தம் மூண்டபோது தம்பி தாமாகவே முன்வந்து சக்கரவர்த்திக்காகப் போரிட மஞ்சூரியா போனார். கேணல் ஆகித் திரும்பினார். இது துரோகமா, கடமையா, அல்லது பதவி ஆசையா? வீட்டார் அவரை மன்னிக்கச் சிரமப்பட்டிருக்க வேண்டும்.

1906 முதல் 1908 வரை மத்திய ஆசியாவிலிருந்து பீக்கிங் வரையில் குதிரையிலேயே அவர் செய்த பயணம் தனியே ஓர் உரைக்குரியது. வெளியே சொன்னது ஆராய்ச்சிப் பயணம். உள்ளே ரஷ்ய இராணுவத்துக்கான உளவு. ஆயினும் நிறையப் புகைப்படங்களையும் பழைய ஏட்டுச் சுவடிகளையும் கொண்டுவந்தார். வூத்தாய் மலையில் பதின்மூன்றாவது தலாய் லாமாவைச் சந்தித்து அவருக்கு ஒரு கைத்துப்பாக்கியைப் பரிசளித்து, அதில் குண்டு போடுவது எப்படி என்றும் காட்டிக்கொடுத்தார். துறவிக்குத் துப்பாக்கி! சரி, விடயத்துக்கு வருவோம்.

முதலாம் உலக யுத்தத்தில் ரஷ்யப் படையின் லெப்டினன்ட் ஜெனரலாக உயர்ந்திருந்த அவர், 1917இல் புரட்சி வந்து தமது உலகம் முழுவதும் இடிந்து விழுந்த பின்னர் ஊர் திரும்பினார். அந்த டிசெம்பர் 6ஆம் திகதி பின்லாந்து சுதந்திரப் பிரகடனம் செய்திருந்தது. ஆனால் நாட்டுக்கென்று படை இல்லை. இரண்டு அணிகள் இருந்தன. ஆலைத் தொழிலாளரும் நிலமற்ற குடியானவரும் ஒருபுறம். நிலமுடைய விவசாயிகளும் படித்தவர்களும் செல்வந்தரும் மறுபுறம். முன்னவரைச் செவ்வணியினர் என்றும், பின்னவரை வெள்ளணியினர் என்றும் சொல்லலாம். 1918 ஜனவரி கடைசியில் தெற்கே செவ்வணியினர் ஹெல்சிங்கியைக் கைப்பற்றினார்கள். அதே நாளிரவு மேற்குக் கரையில் வாசா நகரைத் தளமாகக் கொண்டு, அரசாங்கத்தின் பிரதம சேனாதிபதியாக நியமிக்கப்பட்டிருந்த மன்னர்ஹெய்ம், அங்கிருந்த ரஷ்யப் படைமுகாம்களின் ஆயுதங்களைக் களைந்தார். உள்நாட்டுப் போர் தொடங்கியது.

மூன்றரை மாதப் போர்தான். ஆனால் அதற்கு எத்தனை பெயர்கள் என்று பாருங்கள். வென்றவர்கள் அதை 'விடுதலைப் போர்' என்றார்கள். தோற்றவர்கள் 'வர்க்கப் போர்' என்றார்கள். வேறு சிலருக்கு அது 'கலகம்'. 'உள்நாட்டுப் போர்' என்ற நடுநிலைப் பெயர் பொதுவழக்குக்கு வரப் பல பத்தாண்டுகள் சென்றன. ஒருவர் எந்தச் சொல்லை எடுக்கிறார் என்பதை வைத்தே அவருடைய வீட்டார் எந்தப் பக்கம் நின்றார்கள் என்று பின்லாந்தில் கண்டுபிடித்துவிடுவார்களாம்.

அந்தப் பெப்ரவரியில் சேனாதிபதியின் தலைமையகம் ஒரு பிரகடனம் வெளியிட்டது. போர்முனைக்குப் பின்னால் நாசவேலை செய்வோரையும் மறைந்திருந்து தாக்குவோரையும் அந்த இடத்திலேயே சுட்டுவிடலாம் என்பது அதன் சாரம். விசாரணையின்றிக் கொல்வதற்கு இது வாசலைத் திறந்துவிட்டதென்று பின்வந்த வரலாற்றாசிரியர்கள் பலர் குற்றஞ்சாட்டினார்கள். ஏப்ரில் 6ஆம் திகதி, தெருத்தெருவாக, வீடுவீடாக நடந்த சண்டைக்குப் பிறகு தம்பெரே வீழ்ந்தது. ஆயிரக்கணக்கானோர் கைதிகளாயினர். பலர் அங்கேயே சுடப்பட்டனர். அதே மாதம் ஜேர்மன் படையொன்று தெற்கே இறங்கி ஹெல்சிங்கியைப் பிடித்தது. மே மாத நடுவில் எல்லாம் முடிந்தது.

முடிந்தது என்று சொல்வது தவறு. ஏறத்தாழ 80,000 செவ்வணிக் கைதிகள் முகாம்களில் அடைக்கப்பட்டார்கள். அது உணவுப் பஞ்சகாலம். அந்தக் கோடையில் 12,000க்கும் மேற்பட்டோர் பசியாலும் நோயாலும் அம்முகாம்களில் மடிந்தார்கள். போர்க்களத்தில் விழுந்தவர்களைவிட, சுவரோரம் நிறுத்திச் சுடப்பட்டவர்களும் முகாமில் செத்தவர்களுமே அதிகம். முப்பது இலட்சம் பேர் வாழ்ந்த ஒரு சிறிய தேசத்தில் 36,000க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின.

1918 மே 16ஆம் திகதி மன்னர்ஹெய்ம் குதிரைமீதேறித் தமது படையுடன் ஹெல்சிங்கி நகருக்குள் வெற்றி ஊர்வலமாக நுழைந்தார். மலர் சொரிந்தார்கள். இந்தத் திகதியை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஊர்வலம் முடிந்து இரண்டு வாரத்துக்குள் அவர் பதவியை இராஜினாமாச் செய்தார். கைதிகளின் நிலைக்காக அல்ல. ஜேர்மனியின் செல்வாக்குக்கு அரசாங்கம் அளவுமீறி இடங்கொடுத்ததை அவர் விரும்பவில்லை. ஜேர்மனி தோற்றதும், மேற்கு வல்லரசுகளின் நம்பிக்கையைப் பெறக்கூடிய ஆள் இவரே என்று அழைத்து, அரசப் பிரதிநிதியாக்கினார்கள். குடியரசு அரசியலமைப்பில் 1919 ஜூலை 17ஆம் திகதி ஒப்பமிட்டவர் இவரே. ஒரு வாரம் கழித்துப் பாராளுமன்றம் முதல் ஜனாதிபதியைத் தெரிவுசெய்தது. சட்ட அறிஞரான ஸ்தோல்பேர்க்குக்கு 143 வாக்குகள், வெற்றித் தளபதிக்கு 50. போரில் வென்றவருக்கு நாட்டைக் கொடுக்கப் பாராளுமன்றம் விரும்பவில்லை.

அதன்பின் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் மே 16 வந்தபோதெல்லாம் வெள்ளணியினர் கொடியேற்றினார்கள், அணிவகுத்தார்கள், மாதாகோயில் முற்றங்களில் தங்கள் வீரர்களுக்கு நினைவுக்கற்கள் எழுப்பினார்கள். அதே ஊரில் செவ்வணியில் மாண்டவனின் தாய் அன்று கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தாள். அவள் மகன் காட்டோரத்திலே மணல்குழியில் பத்துப் பதினைந்து பேரோடு கிடந்தான். கல் வைக்க முடியாது. பூ வைத்தாலும் யார் வைத்தது என்று பார்க்க ஆள் இருந்தது. நடுகல் மரபை வகுப்பில் படிப்பிக்கும்போதெல்லாம் வீரனுக்குக் கல் நடுவதைப் பெருமையாகச் சொல்கிறோம். கல் நட விடப்படாதவனைப் பற்றிச் சொல்ல நம்மிடம் துறை எதுவும் இல்லை.

இக்காலத்தில் மன்னர்ஹெய்முக்குப் படைப் பதவி எதுவுமில்லை. செஞ்சிலுவைச் சங்கத்துக்குத் தலைமை தாங்கினார். இந்தியாவுக்குப் போய்ப் புலி வேட்டையாடினார். 1920இல் குழந்தைகள் நலச் சங்கம் ஒன்றைத் தொடங்கினார். லண்டனில் தாதியர் பயிற்சி பெற்ற அவரது சகோதரி சோபி அதில் பெரும் பங்குகொண்டார். தகப்பனை இழந்த செவ்வணிக் குடும்பங்களின் பிள்ளைகளையும் சேர்த்தே கவனிப்பது என்பது அச்சங்கம் தொடக்கத்திலேயே எடுத்த முடிவு. 1931இல் பாதுகாப்புச் சபையின் தலைவரானார். 1933இல் பீல்ட் மார்ஷல் பட்டம் கிடைத்தது. அந்த ஆண்டு மே 16இல், வெற்றியின் பதினைந்தாவது ஆண்டு விழாவில், கூடியிருந்த பழைய வெள்ளணி வீரர்களின் முன்னிலையில் அவர் பேசிய பேச்சு பலரைத் திகைக்க வைத்தது. பதினைந்து வருடத்துக்கு முன் ஒருவன் எங்கே நின்றான் என்று இனிமேல் கேட்கத் தேவையில்லை என்பது அதன் கருத்து. சொன்ன இடத்தையும் நாளையும் பார்த்தால்தான் அந்தப் பேச்சின் கனம் விளங்கும்.

மனம் மாறிவிட்டதா, கணக்குப் போட்டாரா? உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் என்னிடம் இப்படித்தான் கேட்டான். "சேர், ஆள் திருந்திட்டாரோ, இல்லாட்டிச் சண்டைக்கு ஆள் தேவைப்பட்டதோ?" கேள்வி நியாயமானது. ஸ்டாலினுடைய ரஷ்யா எல்லையில் இருந்தது. நாட்டில் பாதிப்பேரின் மனம் வெளியே நிற்க, மிகுதிப் பாதியை மட்டும் வைத்து அதை எதிர்கொள்ள முடியாதென்பது எந்தச் சேனாதிபதிக்கும் தெரியும். தேவையும் இருந்தது என்றே நான் பதில் சொன்னேன். தேவை எல்லோருக்கும் வருகிறது. அதைக் கண்டுகொள்பவர்கள் சிலர்.

1939 நவம்பர் 30ஆம் திகதி சோவியத் விமானங்கள் ஹெல்சிங்கியில் குண்டு வீசின. மன்னர்ஹெய்முக்கு வயது 72. உண்மையில் சோவியத் கேட்ட இடங்களிற் சிலவற்றை விட்டுக்கொடுத்துச் சமாதானமாகப் போகலாம் என்று அரசாங்கத்துக்கு ஆலோசனை சொன்னவர் அவர். கேட்பாரில்லாததால் பதவி விலகல் கடிதமும் கொடுத்திருந்தார். குண்டு விழுந்ததும் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டு பிரதம சேனாதிபதியானார்.

மறுநாள் மொஸ்கோ ஒரு காரியம் செய்தது. எல்லை ஊராகிய தெரியோக்கியில் 'பின்லாந்து மக்கள் அரசாங்கம்' என்று ஒன்றை அறிவித்தது. அதன் தலைவர் ஒட்டோ வில்லே கூசினென். 1918இல் செவ்வணி ஆட்சியில் இருந்து, தோல்விக்குப் பின் ரஷ்யாவுக்குத் தப்பியவர். முகாம்களில் தகப்பனைப் பறிகொடுத்த பிள்ளைகள் இப்போது வாலிபர்களாகி இராணுவச் சீருடையில் இருக்கிறார்கள். துப்பாக்கியைத் திருப்பிப் பிடிப்பார்கள் என்பது எதிர்பார்ப்பு. கணக்கு என்னவோ பிசகில்லாத கணக்குத்தான். ஆனால் அது நடக்கவில்லை. தம்பெரேயின் ஆலைத் தொழிலாளரும் போர்முனைக்குப் போனார்கள், 'கசாப்புக்காரன்' என்று தங்கள் வீட்டில் பேசப்பட்டவரின் கட்டளைப்படியே நின்றார்கள்.

இதை மன்னர்ஹெய்மின் சாதனை என்று எழுதிவிடுவது இலகு. அது முழு உண்மையாகாது. இடைப்பட்ட காலத்தில் ஸ்தோல்பேர்க் போன்றோர் கைதிகளுக்கு மன்னிப்பளித்தார்கள். நிலமற்றோர்க்கு நிலம் கிடைக்கச் சட்டம் வந்தது. சமூக ஜனநாயகக் கட்சி மீண்டும் பாராளுமன்றத்தில் பலம்பெற்று ஆட்சியிலும் பங்கேற்றது. போரின் நடுவே, 1940 ஜனவரியில், அதுவரை தொழிற்சங்கங்களோடு பேசவே மறுத்துவந்த முதலாளிமார் சம்மேளனம் அவற்றை அங்கீகரித்தது. பெப்ரவரியில், வெள்ளணியின் வாரிசாக இருந்த ஊர்காவற் படையில் சமூக ஜனநாயகக் கட்சியினரும் சேரலாம் என்று இணக்கம் ஏற்பட்டது. இழந்தவர்களுக்குக் காக்கவென்று ஏதோ ஒன்று கொடுக்கப்பட்டிருந்தது.

105 நாட்கள் நீடித்த அப்போர் 1940 மார்ச் 13ஆம் திகதி நின்றது. ஏறத்தாழ 25,000 பின்லாந்தியர் மாண்டிருந்தனர். கரேலியா பறிபோய், 400,000க்கும் மேற்பட்டோர் வீடிழந்தனர். வசந்தம் வந்தது. மே 16 நெருங்கியது. வழமைப்படி வெற்றி விழாவுக்கு ஆயத்தம் செய்ய வேண்டிய நேரம்.

பிரதம சேனாதிபதி கட்டளை பிறப்பித்தார். இனிமேல் மே 16 விழா இல்லை. அதற்குப் பதிலாக மே மாதத்து மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை, வீழ்ந்தவர்களின் நினைவு நாளாக அனுட்டிக்கப்படும். அண்மையில் முடிந்த போரில் இறந்தவர்களுக்காக மட்டுமல்ல. 1918இல் தத்தமது நம்பிக்கைக்காக உயிர் துறந்தவர்களுக்காகவும், இரு பக்கத்தவர்க்கும் பொதுவாக. 1940 மே 19ஆம் திகதி அந்நாள் முதன்முதலாக அனுட்டிக்கப்பட்டது.

அந்த விழா வேறு யாருடைய விழாவுமல்ல, அவருடைய சொந்த விழா. குதிரைமீது வந்தவர் அவர். மலர் விழுந்தது அவர் தலையில். வென்றவனே தன் வாகையைக் கழற்றி வைத்து, தான் தோற்கடித்தவனுக்கும் சேர்த்துக் கையறுநிலை பாடச் சொன்ன செயல் இது. அவருடைய நீண்ட தொழில்வாழ்வில், எந்தப் போர்த்திட்டத்தையும்விட, இந்த ஒரு கட்டளையையே பெரிதென்று நான் மதிக்கிறேன். ஆனாலும், பன்னிரண்டாயிரம் பேர் முகாம்களில் மடிந்து இருபத்திரண்டு ஆண்டுகள் கழிந்த பின்னரே அது வந்தது என்பதையும், அந்தத் தாய்மாரிற் பலர் அதற்குள் கண்மூடிவிட்டார்கள் என்பதையும் சொல்லாமல் விட முடியாது.

அதே கை மறுவருடமே வேறொரு கட்டளையிலும் ஒப்பமிட்டது. 1941இல் ஜேர்மனியோடு சேர்ந்து பின்லாந்து மீண்டும் போருக்குப் போனபோது, கிழக்குக் கரேலியா விடுபடும்வரை வாளை உறையில் இடேன் என்று தாம் 1918இல் சொன்ன சபதத்தை ஜூலை மாதத்தில் நினைவுபடுத்தினார். படை பழைய எல்லையைத் தாண்டியது. பிடித்த மண்ணில் ரஷ்யக் குடிமக்கள் முகாம்களில் அடைக்கப்பட்டார்கள். அங்கே 4,000க்கும் மேற்பட்டோர், பெரும்பாலும் 1942இல், மாண்டார்கள். முகாமும் பசியும் மரணமும் மீண்டும். 1918ஐ மறக்காதவர் இதைக் கண்டிருக்க வேண்டாமா?

வானொலி நேயர்களுக்கு இவ்விடத்தில் ஒரு செய்தி. 1942 ஜூன் 4, மன்னர்ஹெய்மின் எழுபத்தைந்தாவது பிறந்தநாளுக்கு ஹிட்லர் அழையா விருந்தாளியாக வந்திறங்கினார். பேச்சுகளைப் பதிவுசெய்ய வந்த பின்லாந்து வானொலியின் பொறியியலாளர், புகையிரதப் பெட்டியில் நடந்த அந்தரங்க உரையாடலையும் பதினொரு நிமிடம் பதிவுசெய்துவிட்டார். மெய்க்காவலர்கள் கண்டுபிடித்து நிறுத்தினார்கள். ஆனால் பதிவு தப்பியது. மேடை முழக்கமில்லாத, சாதாரணமாகப் பேசும் ஹிட்லரின் குரல் உலகுக்குக் கிடைத்தது அப்படித்தான். சோவியத்தின் ஆயுத பலத்தை முன்னரே அறிந்திருக்கவில்லை என்று அவர் சொல்லிக்கொண்டே போகிறார். மன்னர்ஹெய்ம் அதிகம் பேசவில்லை, கேட்டுக்கொண்டிருக்கிறார்.

1944 ஓகஸ்டில், தோல்வி வாசலில் நின்றபோது, பாராளுமன்றம் அவரை ஜனாதிபதியாக்கியது. 1919இல் தர மறுத்த பதவி இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து, யாரும் விரும்பாத நேரத்தில் வந்தது. செப்டெம்பரில் ஜேர்மனியுடனான உறவை முறித்து, மொஸ்கோவுடன் போர்நிறுத்தம் செய்தார். கம்யூனிஸ்ட் கட்சி மீதிருந்த தடை நீங்கியது. நவம்பரில் பாசிகிவி அமைத்த அமைச்சரவையில் யொர்யோ லெய்னோ என்ற கம்யூனிஸ்ட் அமைச்சரானார். நியமனத்தில் ஒப்பமிட்டவர் வெள்ளணியின் பழைய சேனாதிபதி. லெய்னோ அடுத்த ஆண்டு மணம் முடித்தது யாரைத் தெரியுமா? தெரியோக்கி கூசினெனின் மகள் ஹேர்த்தாவை.

உடல்நலம் குன்றி 1946 மார்ச்சில் பதவி விலகினார். சுவிற்சர்லாந்தில் நினைவுக் குறிப்புகள் எழுதிக்கொண்டிருந்தவர் 1951 ஜனவரி 27ஆம் திகதி நள்ளிரவை அண்டி லொசான் நகரில் காலமானார். பின்லாந்தின் கடிகாரத்தில் அப்போது 28ஆம் திகதி பிறந்துவிட்டிருந்தது. முப்பத்துமூன்று ஆண்டுகளுக்கு முன் அவர் வாசாவில் ஆயுதம் களைந்த அதே திகதி.

2016இல் சென். பீற்றர்ஸ்பேர்க்கில், அவர் சக்கரவர்த்தியின் படையதிகாரியாக வாழ்ந்த நகரத்தில், அவருக்கொரு நினைவுப் பலகை பதித்தார்கள். லெனின்கிராட் முற்றுகையில் பட்டினிகிடந்து மாண்டவர்களின் நகரம் அது. முற்றுகையின் வடபுறத்தில் நின்றது மன்னர்ஹெய்மின் படை. அங்கேயும் சிவப்பு வர்ணம் வந்து விழுந்தது. சில மாதங்களில் பலகையைக் கழற்றிவிட்டார்கள்.

தம்பெரேச் சிலையை யாரும் கழற்றவில்லை. வர்ணம் ஊற்றப்பட்டால் கழுவிவிடுகிறார்கள். 1918இல் நகரம் வீழ்வதை அவர் நின்று பார்த்த திசையில், அந்தப் பாறைமேட்டில் அது நிற்கின்றது. சுடப்பட்ட செவ்வணியினரின் பெருங்குழி இருக்கும் கலேவன்கங்காஸ் மயானம் அதற்கும் நகரத்துக்கும் இடையில் கிடக்கின்றது. மே மாதத்து மூன்றாவது ஞாயிறன்று அங்கே பூ வைக்க இப்போது யாரும் ஒளித்துப் போவதில்லை.